ஆர்க்டிக் காத்துல ஐஸ் உண்டாக்குற துகளை எண்றது எப்படி: ஃபில்டர்லேர்ந்து கணக்கு வரைக்கும்

தண்ணி 0 டிகிரில உறையும்னுதான் எல்லாரும் படிச்சோம், ஆனா மேகத்துக்குள்ள இருக்குற சின்ன சுத்தமான நீர்த்துளி 0-ல உறையாது, மைனஸ் 10-ல உறையாது, மைனஸ் 30-லயும் திரவமாவே மிதந்துட்டிருக்கும். மைனஸ் 38 கிட்ட போனாத்தான் அது தானா உறையும். அதுக்கு முன்னாடியே உறையணும்னா உள்ள ஒரு துகள் இருக்கணும், தண்ணி மூலக்கூறுங்க ஐஸ்ல நிக்குற மாதிரி வரிசையா நிக்க இடம் குடுக்குற துகள். அதுக்குப் பேரு பனிக்கரு துகள். லேப்ல எல்லாரும் ஐஎன்பின்னுதான் சொல்லுவோம், நானும் அப்படியே எழுதுறேன்.

இதை ஏன் ஆர்க்டிக்ல போய் அளக்கணும்? அங்க தாழ்வா கெடக்குற மேகங்கள்ல பாதி நேரம் தண்ணியும் ஐஸும் கலந்தே இருக்கும். ஐஸுக்கு மேல இருக்குற நீராவி அழுத்தம் தண்ணிக்கு மேல இருக்குறதைவிட கம்மி, அதனால கொஞ்சம் ஐஸ் படிகம் வந்துட்டாலே அது பக்கத்துல இருக்குற துளிகளோட ஈரத்தையெல்லாம் இழுத்து வளந்து, கனமாகி, பனியா கீழ விழுந்துடும், மேகம் மெலிஞ்சிடும். தண்ணி நெறைஞ்ச மேகம் தரைக்குப் போர்வை மாதிரி வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், மெலிஞ்ச மேகம் அவ்வளவு அனுப்பாது. இந்த ஐஸ் வளர்ற விதத்தை முதல்ல யோசிச்சவர்ல ஒருத்தர் ஆல்ஃபிரட் வெகனர், கண்டங்கள் நகருதுன்னு சொன்ன அதே வெகனர், 1930-ல கிரீன்லாந்து பனியிலயே உயிரை விட்டவர். ஆர்க்டிக் 1979-லேர்ந்து உலக சராசரியைவிட கிட்டத்தட்ட 4 மடங்கு வேகமா சூடாகிட்டிருக்குற நேரத்துல, அந்த மேகம் எத்தனை நாள் நிக்கும்னு சொல்ல இந்தத் துகளோட எண்ணிக்கை தெரியணும்.

இப்ப வேலையோட உண்மையான கஷ்டம் எதுன்னு சொல்றேன், இது மனசுல பதிஞ்சா மீதி எல்லா படியும் ஏன்னு புரிஞ்சிடும். ஆர்க்டிக்ல 1 கன சென்டிமீட்டர் காத்துல சுமாரா 100 துகள்னு வச்சுக்கங்க, அப்ப ஒரு கன மீட்டருக்கு 10 கோடி துகள். அதுல மைனஸ் 15 டிகிரில ஐஸ் உண்டாக்கத் தெரிஞ்சது ஒண்ணோ, நல்ல கோடை நாள்ல பத்தோ, குளிர்காலத்துல ஒண்ணுக்கும் கம்மியோதான். 10 கோடில ஒண்ணு. உங்க கையுறையில இருக்குற தூசி, ட்யூப்போட பிளாஸ்டிக், கழுவுற தண்ணி எல்லாத்துலயும் இதைவிட அதிகமா ஐஎன்பி இருக்கும். அதனால இந்த அளவீட்டுல நாம பாதி நேரம் ஆர்க்டிக்கை அளக்கல, நம்மளையேதான் அளந்துட்டிருக்கோம். ரெண்டையும் பிரிச்சுக் காட்டுறதுதான் இந்த வழிகாட்டி முழுக்க.

படி 1: எந்த வெப்பநிலைன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

கருவி பாத்து கேள்வி வைக்காதீங்க, கேள்வி பாத்து கருவி எடுங்க. ஆன்லைன் கருவின்னு ஒரு வகை இருக்கு. காத்தை நேரா உள்ள இழுத்து, ரெண்டு ஐஸ் பூசின சுவருக்கு நடுவுல விட்டு, உருவாகுற படிகத்தை எண்ணும், சிஎஃப்டிசின்னு சொல்லுவாங்க. இன்னொண்ணு பைன், கலத்துக்குள்ள காத்தை அடைச்சு சட்டுனு அழுத்தத்தைக் குறைச்சு, மேகம் மாதிரியே குளிர வச்சு எண்ணும், சில நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பத் திரும்ப ஓடும். ரெண்டுமே அருமையான கருவி, நேரத்துக்கு நேரம் மாறுறதைக் காட்டும். ஆனா கணக்கைப் போட்டுப் பாருங்க: சிஎஃப்டிசி நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் காத்து எடுக்குதுன்னு வச்சா 1 கன மீட்டர் பாக்கவே 11 மணி நேரத்துக்கு மேல ஆகும். கன மீட்டருக்கு ஒரே ஒரு துகள்னா 11 மணி நேரத்துக்கு ஒரு படிகம், அந்த நேரத்துல சுவத்துலேர்ந்து உதிர்ற ஐஸ் துணுக்கே அதைவிட அதிகமா எண்ணிக்கையில விழுந்துடும். அதனால ஆர்க்டிக்ல ஆன்லைன் கருவி மைனஸ் 25, மைனஸ் 30 பக்கம், ஐஎன்பி நிறைய வேலை செய்ற குளிருக்குத்தான் சரி வரும்.

மைனஸ் 5-லேர்ந்து மைனஸ் 20 வரைக்கும் வேணும்னா ஃபில்டர்தான். நாள் கணக்குல காத்தை இழுத்து துகளை ஃபில்டர்ல சேத்து, அப்புறம் தண்ணில கழுவி, துளித்துளியா பிரிச்சு, குளிர வச்சு, எந்தத் துளி எப்ப உறையுதுன்னு பாக்குறது. பழைய முறை, மெதுவான முறை. தாழ்வான ஆர்க்டிக் மேகம் பல நேரம் இருக்குறது இந்த வெப்பநிலைலதான், அதனால நான் இதையே விரிவா சொல்றேன். காத்தை நேரா தண்ணிக்குள்ள சுழற்றிப் பிடிக்குற சாம்ப்ளரும் இருக்கு, கொரியோலிஸ்னு, நிமிஷத்துக்கு 300 லிட்டர் வரை இழுக்கும், ஒரு மணி நேரத்துல 18 கன மீட்டர் முடிச்சுடலாம். நேர மாற்றம் வேணும்னா அது நல்லது, ஆனா ரொம்ப சின்ன துகளை நழுவ விடும், கடுங்குளிர்ல வெளிய வச்சா தண்ணி உறைஞ்சு படுத்தும்.

படி 2: இடம்

நான் இங்க எடுத்துக்குற இடம் நார்வேயோட ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துல இருக்குற நி-ஆலசுண்ட், கிட்டத்தட்ட 79 டிகிரி வடக்கு. ஒரு காலத்துல நிலக்கரி சுரங்க ஊர், 1962-ல நடந்த பெரிய விபத்துக்கு அப்புறம் சுரங்கத்தை மூடிட்டாங்க, இப்ப முழுக்க ஆராய்ச்சி ஊர். இந்தியாவோட ஹிமாத்ரி நிலையமும் இங்கதான், 2008-ல திறந்தது, 2023 டிசம்பர்லேர்ந்து குளிர்காலத்துலயும் ஆள் அனுப்புறாங்க. ஊருக்கு மேல 475 மீட்டர் உயரத்துல செப்பலின் மலை நிலையம், கேபிள் கார்ல போகணும். கீழ ஊருக்குத் தெற்கால குருவெபாடெட்னு ஒரு லேப், பேருக்கு அர்த்தமே சுரங்கத் தொழிலாளிங்க குளிக்குற இடம்னுதான்.

மேலயா கீழயா? மேல இருந்தா ஊர்ப்புகை கம்மி, மேகமே நிலையத்தை மூடிட்டுப் போகும், அது வரம். ஆனா மேகம் மூடுற இடத்துல குழாய் வாயில ஐஸ் அப்பிக்கும், அதையும் கணக்குல எடுங்க. கீழ இருந்தா தரைத்தூசி, கடல் தெளிப்பு நல்லா தெரியும், கூடவே வண்டி, கப்பல், ஜெனரேட்டர் எல்லாமும் தெரியும். உங்க கேள்வி பனியாறு விட்டுப்போன மண்ணைப் பத்தின்னா கீழ, மேகத்தைப் பத்தின்னா மேல. ரெண்டுலயும் ஒரே நேரத்துல வச்சா ரொம்ப நல்லது.

நடைமுறையா ரெண்டு விஷயம். நி-ஆலசுண்ட்ல வைஃபை, ப்ளூடூத் ரெண்டும் கூடாது, அங்க இருக்குற ரேடியோ டெலஸ்கோப்புக்காக ஊரே ரேடியோ அமைதியில இருக்கு. ப்ளூடூத்ல பேசுற ஃப்ளோ மீட்டர், வயர்லெஸ் லாகர் எதையும் தூக்கிட்டுப் போகாதீங்க, கேபிள் வச்சதுதான் எடுக்கணும், இதை இந்தியாவுல பேக் பண்ணும்போதே பாக்கணும். அடுத்து, ஊர் எல்லையைத் தாண்டினா பனிக்கரடி பாதுகாப்புக்கு துப்பாக்கியும் அதுக்கான பயிற்சியும் இல்லாம போகக்கூடாது, அதனால "ஃபில்டர் மாத்த ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்"னு தனியா கிளம்புற பழக்கமே வேணாம், ஃபில்டர் மாத்துற நேரத்தை மத்தவங்களோட பேசி வைங்க.

கப்பல்ல அளக்குறவங்களுக்கும் இதே முறைதான். 2019 செப்டம்பர்ல நார்வேயோட டிராம்சோலேர்ந்து கிளம்பி பனிக்கட்டியோட சேந்து ஒரு வருஷம் மிதந்த போலார்ஸ்டெர்ன் கப்பல்ல, மோசாய்க் பயணத்துல, நடு ஆர்க்டிக்கோட ஒரு முழு வருஷ ஐஎன்பி கணக்கு கிடைச்சது. கப்பல்ல தலைவலி ஒண்ணுதான், உங்க சொந்த புகைபோக்கி.

படி 3: காத்து வர்ற குழாய்

இதை நிறைய பேர் பிளம்பிங் வேலைன்னு விட்டுடறாங்க, இங்கதான் பெரிய துகள் காணாமப் போகுது. வெதுவெதுப்பான, அதாவது 0-க்குக் கிட்ட இருக்குற வெப்பநிலைல வேலை செய்ற ஐஎன்பி பெரும்பாலும் பெரிய துகள், 1 மைக்ரானுக்கு மேல. பெரிய துகள் வளைவுல திரும்பாது, சுவத்துல முட்டி ஒட்டிக்கும். படுத்த குழாய்ல மெல்ல மெல்ல கீழ படிஞ்சிடும். அதனால குழாய் செங்குத்தா, குட்டையா, வளைவே இல்லாம, ஃபில்டர் ஹோல்டருக்கு நேரா இறங்கணும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் போடுங்க. சாதா பிளாஸ்டிக் குழாய் வறண்ட குளிர்ல ஸ்டாட்டிக் ஏறி துகளை இழுத்துக்கும்.

குழாய் வாய்ல மெல்லிசா சூடு குடுங்க, இல்லன்னா உறைபனி அடைச்சுக்கும். முடிஞ்சா கூரைக்கு மேல ரெண்டு மீட்டராவது தூக்கி வைங்க, கூரைப் பனி காத்துல கெளம்பி நேரா உள்ள போறதைத் தடுக்கும்.

படி 4: ஃபில்டரைத் தயார் பண்றது

47 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் ஃபில்டர், 0.2 மைக்ரான் துளை. பாலிகார்பனேட் ஏன்னா அது வழவழன்னு இருக்கும், துகள் மேற்பரப்புலயே உக்காரும், கழுவினா வந்துடும். குவார்ட்ஸ் நார் ஃபில்டர் நிறைய காத்தை இழுக்கும், ஆனா துகள் நாருக்குள்ள புதைஞ்சிடும், அதைக் கழுவாம சின்னச் சின்ன வட்டமா குத்தி எடுத்து ஒவ்வொரு வட்டத்தையும் தண்ணில போட்டு உறைய வைக்குற முறை தனியா இருக்கு.

பெட்டியைப் பிரிச்ச ஃபில்டரை அப்படியே போடாதீங்க. ஹைட்ரஜன் பெராக்சைடு 10 சதவீதக் கரைசல்ல கொஞ்ச நேரம் ஊற வச்சு, 0.02 மைக்ரான் வடிகட்டி வழியா விட்ட சுத்தமான தண்ணில மூணு தரம் அலசி, வடிகட்டின காத்து ஓடுற லாமினார் ஃப்ளோ மேஜைல காய வைங்க. ஹோல்டரையும் அதே மாதிரி. ஃபில்டரை ஹோல்டர்ல போட்டு, ஃபாயில்ல சுத்தி, ஜிப் பைக்குள்ள வச்சு, முழு செட்டையும் லேப்லயே தயார் பண்ணிடுங்க. களத்துல ஃபில்டரை இடுக்கியால தொடுற வேலையே இருக்கக்கூடாது, ஹோல்டரை மாட்டுறது கழட்டுறது மட்டும்தான்.

இதுல நான் பட்ட அடி ஒண்ணு சொல்லணும். ஒரு வருஷம் வெறும் ஃபில்டரெல்லாம் மைனஸ் 12-லயே உறைய ஆரம்பிச்சுது, சாம்பிளும் கிட்டத்தட்ட அதே இடத்துல. தண்ணியை மாத்தினேன், ட்யூப்பை மாத்தினேன், ஒண்ணும் மாறல. கடைசில பாத்தா சுத்தி வச்ச அலுமினிய ஃபாயில். சூட்டடுப்புல சுடாத ஃபாயில், அதுல இருந்த ஏதோ ஒண்ணு ஃபில்டர்ல ஒட்டியிருக்கு. அந்த சீசன்ல பாதி சாம்பிள் போச்சு. ஒரு வருஷ உழைப்பு, ஒரு துண்டு ஃபாயில். அன்னிலேர்ந்து ஃபாயிலை 500 டிகிரில சில மணி நேரம் சுட்டு எடுத்துத்தான் தொடுறேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க.

படி 5: ஓட்டுறது, கூடவே ப்ளாங்க் எடுக்குறது

நிமிஷத்துக்கு 10 லிட்டர், 3 நாள். மொத்தம் 43,200 லிட்டர், அதாவது 43.2 கன மீட்டர். கோடைல தூசி நாள்ல ஒரு நாள் போதும், குளிர்காலத்துல ஒரு வாரம் வரைக்கும் விடலாம். ஃபில்டர் அடைச்சா ஓட்டம் குறையும், அதனால ஆரம்ப அளவை வச்சு மட்டும் பெருக்காம முழுக்க லாக் ஆகுற மாஸ் ஃப்ளோ மீட்டர் வைங்க. அது காட்டுறது ஸ்டாண்டர்ட் லிட்டரா (ஒரு நிலையான வெப்பநிலை, அழுத்தத்துக்கு மாத்தின கணக்கு) நிஜ லிட்டரான்னு நோட்ல எழுதுங்க. மைனஸ் 20-ல காத்து 0 டிகிரில இருக்குறதைவிட 8 சதவீதம் அடர்த்தி, இதைக் குழப்பிக்கிட்டா அந்த 8 சதவீதம் கடைசி வரைக்கும் கூடவே வரும்.

ஒரே குழாய்லேர்ந்து ரெண்டு ஹோல்டரை பக்கத்துல பக்கத்துல ஓட்டுங்க. ஒண்ணு உறைய வைக்க, ஒண்ணு பத்திரமா வைக்க. ஏன்னு கடைசில சொல்றேன்.

ஊர்ப்பக்கம் காத்து திரும்பினா பம்ப் தானா நிக்குற மாதிரி காத்துத்திசைக் கருவியோட இணைக்கலாம். துகள் எண்ணி ஒண்ணு பக்கத்துல ஓடினா இன்னும் நல்லது, எண்ணிக்கை திடீர்னு ஆயிரக்கணக்குல குதிச்சா யாரோ ஸ்னோ ஸ்கூட்டர் ஸ்டார்ட் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். புகைக்கரி இந்த வெப்பநிலைல பெரிய ஐஎன்பி இல்ல, ஆனா ஃபில்டரை அடைச்சுடும், அதோட சேந்து வண்டிச் சக்கரம் கிளப்புற மண்ணும் வரும், அந்த மண்ணு நல்ல ஐஎன்பி.

ப்ளாங்க், அதாவது காத்தே இழுக்காத வெறும் ஃபில்டர், நம்ம அழுக்கு எவ்வளவுன்னு காட்டுறது. இதை மட்டும் ரெண்டு தரம் படிங்க. ஒவ்வொரு அஞ்சு சாம்பிளுக்கும் ஒரு களப் ப்ளாங்க்: அதே மாதிரி தயார் பண்ணின ஹோல்டரை எடுத்து, அதே மலைக்குக் கொண்டு போய், அதே குழாய்ல மாட்டி, பம்ப்பை மட்டும் போடாம கொஞ்ச நேரம் வச்சு, கழட்டி, அதே பையில, அதே பெட்டியில, அதே விமானத்துல கொண்டு வரணும். லேப்லயே ஒரு சுத்தமான ஃபில்டரை எடுத்து "இது ப்ளாங்க்"னு சொன்னா அது ப்ளாங்க் இல்ல, வழியில நடந்த எதுவும் அதுக்குத் தெரியாது. சாம்பிள் எண்ணிக்கையைக் கூட்டுறதுக்காக ப்ளாங்க்கைக் குறைக்குறவங்களைப் பாத்திருக்கேன், எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கும், ஏன்னா அந்த சாம்பிள்லேர்ந்து கடைசில நம்பி எழுத ஒண்ணும் மிஞ்சாது.

படி 6: கொண்டு வர்றது

கழட்டின உடனே மைனஸ் 20 ஃப்ரீசர். முடிஞ்சா மைனஸ் 80. பாக்டீரியா, பூஞ்சை இதுங்களோட புரதம்தான் வெதுவெதுப்பான ஐஎன்பி, அது அறை வெப்பத்துல நாளாக நாளாக வலு இழக்கும். கழுவின தண்ணியை ஃப்ரிட்ஜ்ல விட்டுட்டு அடுத்த வாரம் அளக்குறதும் கூடாது, கழுவின அன்னிக்கே அளக்கணும்.

நி-ஆலசுண்ட்லேர்ந்து சின்ன விமானத்துல லாங்யியர்பியன், அங்கேர்ந்து ஆஸ்லோ, அப்புறம் நம்ம ஊரு. உலர் ஐஸ் விமானத்துல அபாயப் பொருள் லிஸ்ட்ல வருது, ஏர்லைன்கிட்ட முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கணும். பெட்டிக்குள்ள ஒரு வெப்பநிலை லாகர் கட்டாயம். வந்து திறந்து பாக்கும்போது ஐஸா இருந்தா போதாது, நடுவுல எங்கயோ உருகி மறுபடி உறைஞ்சிருந்தா லாகர் மட்டும்தான் சொல்லும்.

படி 7: உறைய வைக்குறது

50 மில்லி ட்யூப்ல ஃபில்டரைப் போட்டு 10 மில்லி சுத்தமான தண்ணி ஊத்தி 20, 30 நிமிஷம் ஷேக்கர்ல குலுக்குங்க. அப்புறம் 96 சின்னக் குழி இருக்குற பிளாஸ்டிக் தட்டுல (பிசிஆர் தட்டுன்னு சொல்லுவாங்க) ஒவ்வொரு குழிலயும் 50 மைக்ரோலிட்டர். தட்டை எத்தனால் குளியல்லயோ குளிர் உலோகக் கட்டையிலயோ வச்சு நிமிஷத்துக்கு 1 டிகிரி குறைச்சுட்டே போங்க. கீழேர்ந்து வெளிச்சம், மேலேர்ந்து கேமரா. தண்ணியா இருக்குற குழி தெளிவா வெளிச்சம் விடும், உறைஞ்ச நொடி இருண்டுடும். முதல் தரம் பாக்குறவங்களுக்கு அது ஒரு அனுபவம், மைனஸ் 9-ல எதுவுமே நடக்காம இருந்த தட்டுல திடீர்னு ஒரு குழி மட்டும் கறுத்துப் போகும், அந்த ஒரு குழிக்குள்ள எங்கேர்ந்தோ வந்த ஒரு துகள் இருக்கு.

வெப்பநிலைதான் இங்க எல்லாமே. குளியலோட டிஸ்ப்ளே காட்டுறதை நம்பாதீங்க, குழிக்குள்ள இருக்குற தண்ணி அதைவிட சூடா இருக்கும், ஓரக்குழியும் நடுக்குழியும் வேற வேற. பிடி100-ங்குற வெப்பநிலை சென்சாரை நாலஞ்சு குழில தண்ணியோட வச்சு ஒரு தரம் ஓட்டி, திருத்தம் எழுதி வைங்க. அரை டிகிரிக்குள்ள பிழையைக் கொண்டு வந்தா நல்ல வேலை.

நம்ம கடலோர ஊர் லேப்ல இன்னொரு தொல்லை, ஈரக்காத்து. தட்டு மேல உறைபனி படிஞ்சு கேமரா எதையும் பாக்காது. கண்ணாடித் தகடு மேல 1 மைக்ரோலிட்டர் துளி வச்சு பண்ற முறைல இன்னும் மோசம், உறைஞ்ச துளியைச் சுத்தி உறைபனி பரவி பக்கத்துத் துளியைத் தொட்டா அதுவும் உறைஞ்சிடும், அதுல ஐஎன்பியே இல்லாட்டியும். மூடி போட்டு உள்ள உலர் நைட்ரஜன் விடுங்க. பிசிஆர் குழில இந்தத் தொத்து நோய் கிடையாது, அதான் எனக்குப் பிடிக்கும்.

மூணு தட்டு கட்டாயம் ஓடணும்: வெறும் தண்ணி, களப் ப்ளாங்க், சாம்பிள். நல்ல தண்ணின்னா 50 மைக்ரோலிட்டர் குழிங்க மைனஸ் 20-ஐத் தாண்டி, மைனஸ் 25 பக்கம்தான் உறையத் தொடங்கணும். மைனஸ் 15-ல வெறும் தண்ணி உறைஞ்சா அன்னிக்கு சாம்பிளைத் தொடாதீங்க. சாம்பிள் எல்லா குழியும் சீக்கிரமே உறைஞ்சு முடிஞ்சா சுத்தமான தண்ணி சேத்து 15 மடங்கு நீர்க்க வச்சு மறுபடி ஓட்டுங்க, குளிர்ப்பக்க எண்ணிக்கை அப்பத்தான் தெரியும்.

படி 8: கணக்கு

மேக ஆய்வாளர் காபோர் வாலி 1971-ல எழுதின வழி, இன்னிக்கும் அதேதான். உறைஞ்ச குழிகளை மட்டும் எண்ணினா தப்பு வரும், ஒரே குழில ரெண்டு ஐஎன்பி இருந்தாலும் அது ஒரு தரம்தான் உறையும். அதனால உறையாத குழிங்க எவ்வளவு பங்குன்னு எடுத்து, அதுக்கு நேச்சுரல் லாக் போட்டு, மைனஸ் குறியை நீக்கினா, ஒரு குழிக்கு சராசரியா எத்தனை ஐஎன்பின்னு கிடைக்கும்.

மேல சொன்ன சாம்பிளையே எடுங்க. மைனஸ் 15-ல 96-ல 24 குழி உறைஞ்சிருக்கு. உறையாதது 72, பங்கு 0.75, லாக் போட்டா 0.288. 10 மில்லில 50 மைக்ரோலிட்டர் 200 தரம் இருக்கு, 200 ஆல பெருக்கினா முழு ஃபில்டர்ல 57.5. இந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. மூணு நாள், ராப்பகலா பம்ப் ஓடி, 43 கன மீட்டர் காத்தை இழுத்து, நாம பிடிச்சதுல மைனஸ் 15-ல ஐஸ் உண்டாக்குறது மொத்தமே 58 துகள்.

இப்ப களப் ப்ளாங்க்ல அதே மைனஸ் 15-ல 2 குழி உறைஞ்சுதுன்னா அதே கணக்குல ஃபில்டருக்கு 4.2. கழிச்சா 53.3. 43.2 ஆல வகுத்தா கன மீட்டருக்கு 1.23. ப்ளாங்க் கழிக்குறதை எப்பவும் ஃபில்டருக்கு எத்தனைன்னு வச்சே பண்ணுங்க, காத்து அளவால வகுத்த பிறகு கழிக்காதீங்க, ஏன்னா ப்ளாங்க்குக்கு காத்தே கிடையாது. ப்ளாங்க் பலது இருந்தா சராசரியும் திட்ட விலக்கமும் எடுத்து, சராசரியோட ரெண்டு திட்ட விலக்கத்தைக் கூட்டின அளவைத் தாண்டாத சாம்பிள் புள்ளியை "கண்டறிய முடியல"ன்னே போடுங்க.

பிழை வரம்பு போடாத கிராஃபை வெளிய விடாதீங்க. 96-ல 24-ங்குறப்பவே 95 சதவீத வரம்பு, ப்ளாங்க் கழிக்குறதுக்கு முன்னாடி, கன மீட்டருக்கு 0.9-லேர்ந்து 2 வரைக்கும் போகுது. ஒரே ஒரு குழி உறைஞ்ச இடத்துல உண்மையான பங்கு 0.2 சதவீதமாவும் இருக்கலாம், கிட்டத்தட்ட 6 சதவீதமாவும் இருக்கலாம், முப்பது மடங்கு வித்தியாசம். மைனஸ் 8-ல ஒரு குழி உறைஞ்சுதேன்னு சந்தோஷத்துல பெரிய முடிவு எழுதத் தோணும், அந்த ஒரு புள்ளி மேல எதையும் கட்டாதீங்க. கடல் உப்பு உறைநிலையைக் கொஞ்சம் இறக்கும், ஆனா 10 மில்லில கலக்கின பிறகு அது பெரும்பாலும் டிகிரில பத்துல ஒரு பங்கு அளவுதான், திருத்தினா நல்லது.

படி 9: அது எதுன்னு கண்டுபிடிக்குறது

மிச்சம் இருக்குற கழுவின தண்ணில ஒரு பங்கை 95 டிகிரில 20 நிமிஷம் வச்சு மறுபடி உறைய வைங்க. புரதம் வெந்து போயிடும். மைனஸ் 10-ல உறைஞ்சிட்டிருந்தது சூட்டுக்கு அப்புறம் மைனஸ் 16-க்கு இறங்கிட்டா, அங்க உயிர்சார்ந்த ஏதோ இருந்திருக்கு. சூடோமோனாஸ் சிரிஞ்சே மாதிரி பாக்டீரியா மைனஸ் 2-லயே ஐஸ் உண்டாக்கும். இன்னொரு பங்கை ஹைட்ரஜன் பெராக்சைடோட சூடாக்கினா மத்த கரிமப் பொருளும் போகும், அதுக்கப்புறமும் நிக்குறது கனிமத் தூசி. ஒரு எச்சரிக்கை: சில கனிமங்களும் வெந்நீர்ல வலு குறையும், அதனால சூட்டுக்கு இறங்கினது எல்லாமே பாக்டீரியான்னு எழுதிடாதீங்க.

ஸ்வால்பார்ட்ல இந்த டெஸ்ட் முக்கியம், காரணம் அங்க தூசிக்குள்ளயே உயிர் ஒட்டியிருக்கு. நி-ஆலசுண்ட் பக்கத்துல இருக்குற ப்ரோகர்ப்ரேன் பனியாறு பின்வாங்கி விட்டுப்போன மண்ணை எடுத்து அளந்தப்ப, வெறும் கனிமத்துக்கு இருக்க வேண்டியதைவிட ரொம்ப வெதுவெதுப்பான வெப்பநிலைல ஐஸ் உண்டாக்கிச்சு, அதுல கலந்திருக்குற கொஞ்சூண்டு கரிமப் பொருள்தான் காரணம்னு 2019-ல வந்த ஆய்வு சொல்லுது. கடல் மேல்தோல்ல இருக்குற பாசி சார்ந்த பொருளும் தெளிப்போட மேல வரும். கனடாவோட அலெர்ட், அலாஸ்காவோட உட்கியாக்விக், கிரீன்லாந்தோட வில்லம் நிலையம், நி-ஆலசுண்ட், எங்க பாத்தாலும் குளிர்காலத்துல கம்மி, வசந்தக் கடைசிலேர்ந்து கோடைல கூடுதல், பனி விலகி மண்ணும் கடலும் திறக்குறப்பதான் இது ஏறுது. மண் திறக்குற நாட்கள் வருஷா வருஷம் கூடினா என்ன ஆகும்ங்குறதுதான் என்னை இந்த வேலைல பிடிச்சு வச்சிருக்குற கேள்வி.

உங்க ஐஎன்பி எண்ணையும் மேகத்துல எண்ணின ஐஸ் படிக எண்ணையும் பக்கத்துல வச்சா பல நேரம் படிகம்தான் கூட இருக்கும். அளந்தது தப்புன்னு பதறாதீங்க. மைனஸ் 3-லேர்ந்து மைனஸ் 8 வரைக்கும் உறையுற துளி தெறிச்சு ஐஸே ஐஸைப் பெருக்குற வழி இருக்கு.

படி 10: நோட்டும் ரெண்டாவது ஃபில்டரும்

ஒவ்வொரு ஃபில்டருக்கும் எழுத வேண்டியது: போட்ட நேரம், எடுத்த நேரம், மொத்த லிட்டர், காத்துத்திசை, நிலையம் மேகத்துக்குள்ள இருந்துதா, தரைல பனி இருந்துதா வெறும் மண்ணா, ஆத்துல தண்ணி ஓட ஆரம்பிச்சுதா, ஃப்யோர்டுல (மலைக்கு நடுவுல நீண்டு வர்ற கடல்) ஐஸ் இருந்துதா, அந்த நாள்ல கப்பல் வந்துதா, யார் கை மாத்துச்சு. அக்டோபர் கடைசிலேர்ந்து பிப்ரவரி நடுவரை சூரியனே எழாத இருட்டு, ஹெட்லைட் வெளிச்சத்துல கையுறையோட எழுதுறப்ப சுருக்கமா எழுதத் தோணும், அப்பவும் முழுசா எழுதுங்க.

பக்கத்துல ஓட்டின ரெண்டாவது ஃபில்டரை மைனஸ் 80-ல வைங்க, அளக்காதீங்க. அஞ்சு வருஷம் கழிச்சு புது முறை வரும், டிஎன்ஏ பாக்கணும்பாங்க, இல்ல உங்க ப்ளாங்க்ல ஒரு தப்பு இருந்தது அப்பத்தான் தெரியும். அந்தக் காத்து மறுபடி வராது, ஃபில்டர்ல மட்டும்தான் இருக்கு. லேபிளை பென்சில்ல எழுதி பைக்கு உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு போடுங்க, மைனஸ் 80-ல சாதா மார்க்கர் எழுத்து உரிஞ்சு போயிடும், ஒட்டின ஸ்டிக்கரும் கழண்டு பெட்டியோட அடியில கெடக்கும்.